காரில் எடுத்துப் போகும் ஃப்ரிட்ஜ்: கம்ப்ரஸரா, பெல்டியரா, கேஸா?

பயணத்துக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர், எவ்வளவு எடை, டிக்கியில் பொருந்துமா என்றுதான் தொடங்குவார்கள். அதெல்லாம் டேப் வைத்து அளந்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு, மறுநாள் காலை வரை அந்தப் பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். நான் கம்ப்ரஸர் பெட்டி வாங்கியதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

கையில் தூக்கிப் போகிற மாதிரிக் கிடைப்பவை மூன்று வகை: பெல்டியர் எனப்படும் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி, கேஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ், வீட்டு ஃப்ரிட்ஜ் போலவே வேலை செய்யும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். பார்ப்பதற்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெட்டிகள்தான். கடைப் படங்களில் மூன்றிலும் அதே பாட்டில்கள், அதே பழங்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

முதலில் பெல்டியர். இரு வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சந்திப்பு குளிரும், இன்னொன்று சுடும் என்பதை ழான் பெல்டியர் 1834-இல் கண்டறிந்தார். இன்றைய பெட்டிகளில் உலோகங்களுக்குப் பதில் பிஸ்மத் டெல்லுரைடு தகடு. அதன் இரு பக்கமும் அலுமினிய விசிறித் தகடுகள், கூட ஒரு ஃபேன். அவ்வளவுதான். ஃபேனைத் தவிர சுழலும் பாகம் எதுவும் கிடையாது. எடை குறைவு, விலையும் குறைவு. மின்சாரத்தைத் திருப்பி விட்டால் அதே பெட்டி சாப்பாட்டைச் சூடாகவும் வைத்திருக்கும்.

ஆனால் அது குளிர்விப்பது வெளி வெப்பத்தைச் சார்ந்தே. வெளியில் இருப்பதைவிட 15 முதல் 20 டிகிரி வரை குறைக்கும், அதற்கு மேல் அதனால் முடியாது. வெளியே 25 டிகிரி என்றால் உள்ளே 7, 8 டிகிரி கிடைக்கும், பரவாயில்லை. வெளியே 38 என்றால் உள்ளே 20 டிகிரி பக்கம் நிற்கும். பால், இறைச்சி, மீன் போன்றவற்றை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். 20 டிகிரியில் அவை நாற்றமெடுக்க நேரம் ஆகாது. அப்புறம் இன்னொரு சங்கதி: கரண்ட் நின்றதும் அந்தத் தகடும் விசிறிகளும் வெளிச் சூட்டை உள்ளே கடத்தும் பாதையாகிவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்கிற மாதிரிதான் அதில் குளிர் நிற்கும். இன்சுலின் போல 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகளை வெயில் காலத்தில் இதை நம்பி எடுத்துப் போகவே கூடாது.

வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் பயணம், வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாட்டில்கள், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் பெல்டியர் தாராளமாகப் போதும். ஆனாலும் அதற்கும் ஒரு போட்டி உண்டு, சாதாரண ஐஸ் பெட்டி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 93 வாட்-மணி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 50 வாட் பெல்டியர் பத்து மணி நேரம் ஓடினால் பேட்டரியிலிருந்து 500 வாட்-மணி போகும். அதில் உருப்படியாக வெளியேறும் வெப்பம் இரண்டு கிலோ ஐஸ் செய்கிற வேலைக்கு மேல் அதிகம் இருக்காது. தடித்த சுவர் உள்ள நல்ல ஐஸ் பெட்டியும் ஐந்து கிலோ ஐஸும் இருந்தால் வார இறுதிப் பயணம் முடிந்துவிடும், வயர் தொல்லையும் இல்லை.

அடுத்து கேஸ் ஃப்ரிட்ஜ். ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முந்தர்ஸும் 1922-இல் உருவாக்கிய முறை இது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வரும். சுற்றவைப்பது சூடு. அந்தச் சூட்டை ஒரு சிறிய கேஸ் சுடர் கொடுக்கலாம், மின் ஹீட்டரும் கொடுக்கலாம். சத்தம் என்பதே இல்லை. ஒரே இடத்தில் கூடாரம் போட்டு ஒரு வாரம் தங்குகிறவர்களுக்குக் கேஸ் சுடர் பெரிய வரம். பேட்டரி கவலையே வேண்டாம், ஒரு சிறிய சிலிண்டர் பல நாள் வரும்.

இதோடு என் பழக்கம் குறைவு, இரவல் வாங்கி ஓட்டியது மட்டும்தான். அந்தக் கொஞ்சத்திலேயே புரிந்தது, இது நின்ற இடத்தில் இருக்க வேண்டிய சாமான். உள்ளே திரவம் புவியீர்ப்பில்தான் இறங்கி ஓடுகிறது, அதனால் தரை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் குளிர்விப்பு மந்தமாகும், இல்லை நின்றே போகும். குளிர்ந்து வரவே பல மணி நேரம் பிடிக்கும். எரியும் சுடர் என்பதால் கூடாரத்துக்குள்ளும் ஓடும் வண்டிக்குள்ளும் கேஸில் போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரிவதற்குள் ஆள் மயங்கிவிடுவார். சரி, ஓடும்போது 12 வோல்ட்டில் போடலாம் என்றால், சூடேற்றியே குளிர்விக்கும் முறை என்பதால் 7, 8 ஆம்பியர் இடைவிடாமல் இழுக்கும். எஞ்சின் நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்க மறந்தால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

இனி கம்ப்ரஸர். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. குளிர்வாயுவை அழுத்தி, வெளியே சூட்டைக் கொட்டி, உள்ளே ஆவியாக்கும் அதே வீட்டு ஃப்ரிட்ஜ் வேலைதான். 12 அல்லது 24 வோல்ட் நேர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் சிறிய கம்ப்ரஸர் என்பதுதான் வித்தியாசம். டான்ஃபாஸ் நிறுவனத்தின் பிடி (BD) வரிசைக் கம்ப்ரஸர்கள் படகுகளிலும் லாரிகளிலும் ஓடிப் பெயர் வாங்கின. 2010-இல் அந்தப் பிரிவு கைமாறி இப்போது செக்கோப் என்ற பெயரில் வருகிறது. வெளியே 40 டிகிரி இருந்தாலும் உள்ளே 4 டிகிரி கிடைக்கும். வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குக் கீழே 18 வரை இறக்கி ஐஸும் போடலாம். வண்டி மேடு பள்ளத்தில் சாய்ந்தாலும் ஓடும்.

இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: குளிர் வந்ததும் இது நின்றுவிடும். ஓடும்போது 40, 50 வாட், ஏறத்தாழ பெல்டியர் இழுக்கும் அளவேதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் ஓடி நாற்பது நிமிடம் சும்மா இருக்கும். மிதமான வெப்பத்தில் 40 லிட்டர் பெட்டிக்குச் சராசரியாக ஒரு ஆம்பியர்தான். வெக்கையான நாளில் ஒன்றரை, இரண்டு வரை போகலாம். பெல்டியர் பெரும்பாலும் 4, 5 ஆம்பியரை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது நிற்க வேண்டிய வெப்பநிலைக்கு வெயிலில் வந்து சேர்வதே இல்லை.

இரவு பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். இழுக்கும் ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது ஆம்பியர்-மணி. பெல்டியருக்கு 45 ஆம்பியர்-மணி. கேஸ் ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டால் 80. கம்ப்ரஸருக்கு 10 முதல் 20. சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35 முதல் 60 ஆம்பியர்-மணிதான். அது எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது, மெல்லிய தகடுகள். பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுசு குறையும், காலையில் செல்ஃப் எடுக்காது. கம்ப்ரஸர் பெட்டி மட்டும்தான் அந்த ஒரு இரவைத் தாக்குப் பிடிக்கும். அதுவும் ஒரு இரவுதான். இரண்டாவது இரவும் அதே இடத்தில் தங்குகிறீர்கள் என்றால் தனி பேட்டரி வேண்டும்.

சரி, கம்ப்ரஸர் என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலர் தடுக்கி விழுவது அதற்கு அடுத்த படியில், வயரில். டிக்கியில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பிளக்கைச் செருகினேன். வண்டி ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் பெட்டி நின்றது, பலகையில் வோல்ட் குறைவு என்ற எச்சரிக்கை. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனையில் வைத்தால் 12.5 வோல்ட், ஆரோக்கியமான பேட்டரி. டிக்கி சாக்கெட்டில் வைத்தால் கம்ப்ரஸர் ஓடும்போது 11.6. இடையில் காணாமல் போன 0.9 வோல்ட்டை வழியில் இருந்த மெல்லிய வயர் சாப்பிட்டிருக்கிறது.

இது கணக்கிலும் வரும். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் போனால் சுமார் 0.9 வோல்ட் இழப்பு. 2.5 வயரில் 0.3-க்கும் கீழே, 6 வயரில் 0.12 அளவுக்குத்தான். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃப்யூஸ், தடித்த வயர், முனையில் ஆண்டர்சன் பிளக் (பெரிய கரண்ட்டைத் தாங்கும், இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் இணைப்பு). ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஃப்யூஸ் மட்டும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். சிகரெட் லைட்டர் பிளக்கின் இன்னொரு வியாதி, வண்டி குலுங்கக் குலுங்கத் தளர்ந்து சூடாவது. தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அங்கேயும் வோல்ட் போகிறது என்று அர்த்தம்.

பெட்டியில் பேட்டரிப் பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும். பல பெட்டிகள் உயர் நிலையில் வோல்ட் 11.8 வாக்கிலும் தாழ் நிலையில் 10.1 வாக்கிலும் இறங்கியதும் தானாக நின்றுவிடும். காரின் சொந்த பேட்டரியில் ஓட்டினால் உயர் நிலையைத் தவிர வேறு வேண்டாம். வயர் மெல்லியதாக இருக்கிறதே என்று தாழ் நிலைக்கு மாற்றினால் ஃப்ரிட்ஜ் ஓடும், வண்டி ஓடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி தனியாக வைத்திருப்பவர்கள் தாழ் நிலையில் விடலாம், அந்த பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று அதைக் காத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கம்ப்ரஸர் பெட்டி இரண்டு நாளுக்கு மேல் ஓடும். 100 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25, 30 ஆம்பியர்-மணி திருப்பிக் கொடுக்கும். ஃப்ரிட்ஜ் சாப்பிடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே பலகையை வைத்துக்கொண்டு பெல்டியரை ஓட்ட நினைத்தால் அப்படி மூன்று நான்கு பலகை வேண்டும். இன்வெர்ட்டர் போட்டு வீட்டு மின்சாரமாக மாற்றி அதிலிருந்து ஓட்டுவது வீண் வேலை, வழியிலேயே பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு பிளக்கில் போட்டுச் சாமான்களையும் பெட்டியையும் குளிரவைத்துவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 4-க்குக் கொண்டுவர 300 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வழியில் வாங்கிய சூடான பாட்டில்களை அடுக்கிவிட்டு ராத்திரி பேட்டரி போதவில்லை என்றால் ஃப்ரிட்ஜ் என்ன செய்யும்?

மற்றவை சுருக்கமாக. கம்ப்ரஸர் கனம்தான், 40 லிட்டர் பெட்டி பல காலியாகவே 15 கிலோ பக்கம் இருக்கும். சத்தம் லேசான உறுமல், தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு உறுத்தும். கதவு மேல்பக்கம் திறக்கும் பெட்டியில் குளிர்காற்று கொட்டிப் போகாது, அதை எடுங்கள். இரட்டை அறை தேவையா என்றால், எனக்குத் தேவைப்படவில்லை. ஐஸ்கிரீம் பிரியர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். காற்றுத் துவாரத்தைப் படுக்கை வைத்து மூடிவிடாதீர்கள்.

விலை குறைந்த கம்ப்ரஸர் பெட்டிகள் பத்து வருடம் உழைக்குமா என்று சொல்லும் அளவுக்கு நான் அவற்றை ஓட்டவில்லை. அதனால் புதிதில் மலிவானதை எடுப்பதைவிடப் பழையதில் நல்லதை எடுப்பதே என் விருப்பம். பழையது வாங்கப் போனால் காலிப் பெட்டியை 12 வோல்ட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தது என்றால் முதலில் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். 5 டிகிரியில் அமைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உட்காருங்கள். அரை மணி, முக்கால் மணியில் குளிர் எட்டி, கம்ப்ரஸர் ஒரு முறை தானாக நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாகியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வாயு குறைந்திருக்கலாம், மூடி ரப்பர் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.