கருமாதிப் படம் முதலில்: ராஜ வீதிப் பக்கத்து பிரேம் கடை

கோவைக்கு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. இந்த ஊரில் நான் அதிகம் பணம் கொடுத்த இடங்களில் முதலிடம் பெண்கள் விடுதிக்கு, இரண்டாவது இடம் இந்த பிரேம் கடைக்கு. மூன்றாவது டீக்கடை. அதுவும் இந்த பிரேம் கடையில் காத்திருந்த நேரத்தில் குடித்த டீதான்.

டவுன்ஹாலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ராஜ வீதிக்குள் நடந்தால், தேர்நிலைத் திடலுக்குப் போகும் வழியில் ஒரு சந்து பிரியும். சந்துக்குள் நான்காவது கடை. பெயர்ப்பலகை உண்டு, எழுத்துதான் உதிர்ந்துவிட்டது. ‘சாமிப்படக் கடை’ என்று கேட்டால் நகைப்பட்டறைப் பையன்கள் கை காட்டுவார்கள். வாசலில் முருகனும் லட்சுமியும் சாய்ந்து நிற்பார்கள். உள்ளே சுவர் முழுக்க, பொட்டு வைத்து மாலைக்குக் காத்திருக்கும் பெரியவர்கள். அவர்கள் யாரும் கடைக்காரருக்கு உறவில்லை. படம் வாங்க வராமல் போனவர்களின் படங்கள் அவை.

நான் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததற்கு, எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கிற டர்பன்டைன்தான் காரணம்.

எனக்கு ஊர் பவானி. கூடுதுறைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. அப்பா குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவர். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஓவியம் படித்தேன். படிப்பு முடிந்ததும் உடன் படித்தவர்கள் பலர் சென்னைக்குப் போய் சினிமாவில் கலை இயக்குநர்களிடம் உதவியாளராகச் சேர்ந்தார்கள். என் அம்மா, காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிற ஊராக இருந்தால் போ என்றார். பெருந்துறை, அவினாசி வழியாக 100 கிலோமீட்டர் சொச்சத்தில் கோவை இருந்தது. அப்படித்தான் என் பெருநகரம் முடிவானது.

கல்லூரியில் எண்ணெய் வண்ணம்தான் என் கை. விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. வந்த முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தேன். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழி தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விடுதி நடத்தும் அக்கா, கேஸ் கசிகிறது என்று நினைத்து சிலிண்டரை மூடிவிட்டு மாடிக்கு ஓடி வந்தார். அன்று மதியம் யாருக்கும் குழம்பு இல்லை. மறுநாள் முதல் நான் நீர்வண்ண ஓவியர்.

கான்வாஸில் வரைந்த எண்ணெய் வண்ணத்தை அப்படியே சுவரில் மாட்டலாம். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்தை அப்படி விட முடியாது. தூசு படியும், ஈரம் ஏறும், இராமபாணப் பூச்சி வரும், பார்க்க வருகிறவர் விரலால் தடவுவார். கண்ணாடியும் சட்டமும் இல்லாவிட்டால் அது படமே இல்லை, வெறும் காகிதம். கல்லூரியில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. படத்தை வரைந்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். குளிர்சாதன வசதி, கண்ணாடிக் கதவு, உட்கார சோபா. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. கூடுதுறைப் படித்துறையைத் தடித்த காகிதத்தில் வரைந்து கொடுத்திருந்தேன். கையால் செய்த காகிதம், ஓரம் நார் நாராக இருக்கும். அந்த ஓரத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குவோம். அவர்கள் அதைக் கிழிசல் என்று நினைத்து நான்கு பக்கமும் நேராக வெட்டிவிட்டார்கள். என் கையெழுத்தில் பாதி போய்விட்டது. பின்புறம் முழுக்கப் பசை தடவி மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனது. ஆற்றுத் தண்ணீருக்கு நடுவே கொப்புளம் கொப்புளமாகக் காற்று கிளம்பியது. இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

அதனால் சாமிப்படக் கடைக்குள் நுழைந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. ஆனாலும் கோவைக் கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் அண்ணாதான். நான் படத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தோளில் கிடந்த துண்டில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு, “மேசைமேல் வையுங்கள் அம்மிணி” என்றார். ஒரு மூலையை மட்டும் நகத்தால் லேசாகத் தூக்கிப் பின்புறம் பார்த்தார். “இது தண்ணீரில் வரைந்ததா? அப்படியானால் கண்ணாடி இதைத் தொடக்கூடாது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பிறகொரு நாள் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். இறந்தவர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை, உடைந்த சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கொண்டு வருவார்களாம். முப்பது நாற்பது வருடம் கண்ணாடியோடு ஒட்டி இருந்த படம், ஈரம் ஏறி கண்ணாடியோடேயே பிடித்துக்கொண்டிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். வீட்டில் அந்த ஒரு படம்தான் இருந்திருக்கும். அப்படி ஒரு பாட்டியின் முகம் அவர் கையில் உரிந்ததாம். அதற்குப் பிறகு கடையில் எந்தப் படத்தையும் அவர் கண்ணாடியோடு ஒட்ட வைப்பதில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் படிப்பு படித்து வேலைக்கு வருகிறவர்களும் இதே விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

இடைவெளிக்கு அவர் போடுவது, நடுவில் ஜன்னல் போல வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை. மேலேயும் பக்கங்களிலும் இரண்டரை அங்குலம், கீழே மூன்று. சமமாக விட்டால் படம் கீழே நழுவி விழுவது போலத் தெரியும் என்பார். விட்டுப் பார்த்தேன், அப்படித்தான் தெரிகிறது. காகிதத்தை முழுவதும் ஒட்ட மாட்டார். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதப் பட்டைகளை மைதாப் பசையால் ஒட்டித் தொங்க விடுவார். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் ஈரக்காற்றை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

பசையில்தான் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை. பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலக்கிறார். பழைய பைண்டிங்காரர்களின் வழக்கம் அது. பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் துத்தம் செம்பு உப்பு, அது நாளடைவில் காகிதத்தையே பழுப்பாக்கி அரித்துவிடும். இதைச் சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கியது. இப்போது எனக்கென்று துத்தம் போடாத பசையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாக வைத்திருக்கிறார். அதன்மேல் என் பெயரை எழுதாமல் ‘பவானி’ என்று எழுதியிருக்கிறார்.

சட்டத்தை மூடும் நேரம் கடையில் இருந்தால் பாருங்கள். கண்ணாடியை வைரக் கட்டரால் ஒரே இழுப்பில் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. ஓரத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். துணியால் துடைத்த பிறகு சைக்கிள் பம்பை எடுத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் காற்றடிப்பார். படத்தை வைத்து மூடி, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பார். ஒருமுறை தூரிகை மயிர் ஒன்று வானத்தில் கிடந்தது. என் தூரிகையிலிருந்து உதிர்ந்ததுதான், பரவாயில்லை என்றேன். பதில் சொல்லாமல் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். கடைசியாக, பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை ஒட்டுவார். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகவும், படம் கோணாமல் இருக்கவும்.

இனி குறைகள். தாமதம்தான் பெரிய குறை. இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு, மரச்சட்டத்தைச் சொல்லவில்லை. கருமாதிக்கு வேண்டிய படம் வந்துவிட்டால் மற்ற வேலைகள் எல்லாம் பின்னால் போகும். கோவை விழாவில் ஸ்கீம் ரோட்டில் நடக்கும் ஆர்ட் ஸ்ட்ரீட் என்ற தெருவோர ஓவியக் கண்காட்சியில் வைக்க ஆறு படங்கள் கொடுத்திருந்தேன். முதல் நாள் மாலை போனால் நான்குதான் தயார். பணம் கட்டி வந்தவள் நான் என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர் கையில் ஓர் இளைஞனின் படம் இருந்தது. என் வயதுதான் இருக்கும். பைக்கில் சாய்ந்து நின்று எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அப்பா போலத் தெரிந்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே போய் டீ குடித்தேன். நான்கு படங்களோடுதான் ஸ்கீம் ரோட்டுக்குப் போனேன். ஆனாலும் சொல்கிறேன், இரண்டு படங்கள் குறைந்தது குறைந்ததுதான். வாக்குக் கொடுத்த நாளை முன்கூட்டியே தள்ளிச் சொல்வதில் அவருக்கு என்ன நஷ்டம்?

வெயிலில் வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. சாதாரணக் கண்ணாடியில் எதிரே நிற்கிறவர் முகம்தான் தெரிகிறது. சொரசொரப்பான மங்கல் கண்ணாடி போடுங்கள் என்று பிறகு கேட்டேன். வேண்டாம் என்றார். படத்தை ஒட்டி இருந்தால்தான் அது தெளிவாகக் காட்டும், மவுண்ட் இடைவெளி விட்டால் பனிமூட்டம் போலாகிவிடும் என்று என் படத்தின்மேலேயே ஒரு துண்டை வைத்து உயர்த்திக் காட்டினார். உண்மைதான். பளபளப்பும் இல்லாமல் மங்கலும் இல்லாத கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதன் விலையைக் கேட்டு நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

இங்கே 12×16 அங்குலப் படத்துக்கு மவுண்ட், கண்ணாடி, எளிய பீடிங் (ஓரச் சட்டம்) எல்லாம் சேர்த்து 780 ரூபாய் ஆகிறது. என் கணக்கில் இது ஏறக்குறைய இருபது தவளை. விளக்கம் சொல்ல வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பதோடு, கல்லூரி மாணவிகளின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுக்கிறேன். ஒரு தவளைக்கு 40 ரூபாய், மண்புழு சற்று மலிவு. முதலில் வெட்கமாக இருந்தது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் துணி செய்து விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார்கள் என்று தேர்வுக்குப் படித்தபோது அது வெறும் இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தப் பணிக்கர் 1911இல் பிறந்தது இதே கோவையில் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பத்திக்குக்கும் தவளைக்கும் அதிக தூரமில்லை.

ரசீது கிடையாது. நாள்காட்டித் தாளின் பின்புறம் தச்சர் பென்சிலால் எழுதிக் கிழித்துக் கொடுப்பார், அதைத் தொலைத்தால் அவர் ஞாபகம்தான் துணை. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை கதவு பாதி இறங்கியிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பீடிங் நிறத்தை அவரிடம் விடவே கூடாது. அவருக்கு எல்லாப் படமும் தங்க நிறத்தில்தான் இருக்க வேண்டும். சாம்பல் நிறம் கேட்டால், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று துக்கக் குரலில் விசாரிப்பார்.

கடைசியாக நடந்தது இது. அப்பாவின் ஜமக்காளக் கோடுகளை மட்டும் வைத்து ஒரு படம் செய்தேன். சிவப்பு, பச்சை, நீலம், நடுவில் ஒரு மஞ்சள், எல்லாம் மேலிருந்து கீழே. வாங்கி வந்து விடுதியில் பிரித்தால் கோடுகள் குறுக்கே கிடக்கின்றன, என் கையெழுத்து சுவரேறும் பல்லி போல் செங்குத்தாக நிற்கிறது. கொக்கியை மாற்றினால் போதும் என்று பார்த்தேன். மூன்று அங்குல மவுண்டையும் அந்தப் பக்கத்துக்கே வெட்டியிருந்தார். போன் செய்து கேட்டேன். “பவானி ஜமக்காளம் என்று சொன்னீர்களே அம்மிணி, அதில் கோடு குறுக்கேதானே ஓடும்?” என்றார்.

அப்பா அந்த வாரம் கோவைக்கு வந்திருந்தார். விடுதிக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்பதால் படத்தை வாசலுக்குக் கொண்டு வந்து காட்டினேன். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். எதைப் பற்றியும் எளிதில் கருத்துச் சொல்லாதவர். “தறியில் உட்கார்ந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு, திருப்பி, சைக்கிள் டியூப் துண்டுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

மாற்றக் கொடுக்கவில்லை. இப்போது வேறு மூன்று படங்கள் கடையில் இருக்கின்றன. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், நான் சனிக்கிழமை போவதாக இருக்கிறேன்.