செயின்ட் டேவிட்ஸ் பேராலயம்: பிஷப் வரிசையைத் தேடிப் போவோருக்கு

வேல்ஸின் இந்தப் பேராலயத்தில் பிஷப்புகளின் வரிசையைக் கல்லிலேயே படிக்கலாம். கோபுர வாயிலிலிருந்து 39 படிகள் இறங்கி, நடுக்கூடத்தில் தொடங்குங்கள். இன்றைய கட்டடத்தைத் தொடங்கியவர் பிஷப் பீட்டர் டி லியா (பதவியில் 1176–1198).

அவருக்கு அடுத்த பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். 1199இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெரால்ட் ஆஃப் வேல்ஸுக்குத் திருநிலைப்பாடு (பிஷப்பாக அருள்பொழிவு செய்யும் சடங்கு) நடக்கவே இல்லை, கேன்டர்பரி பேராயர் விடவில்லை. 1203இல் ஜெஃப்ரி பொறுப்பேற்றார். தேர்வான ஆண்டைப் பதவி ஆண்டாக எழுதினால் பட்டியலே குழம்பிவிடும். பிஷப் பெர்னார்டுக்கு (1115–1148) முந்தைய ஆண்டுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, நடுக்கூடத்தையும் பாடகர் பகுதியையும் பிரிக்கும், பிஷப் ஹென்றி கோவர் (1328–1347) எழுப்பிய கல் திரைச்சுவர். அவர் கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. இங்கே நிதானமாக நில்லுங்கள். பேராலயத்தின் உச்சம் இதுதான். எட்வர்ட் வான் (1509–1522) கட்டிய சிற்றாலயத்தில் விசிறி வடிவக் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

இங்கே பிஷப்பாக இருந்த ராபர்ட் ஃபெராரின் கல்லறையை இங்கே தேட வேண்டாம். அவரை 1555இல் கார்மார்தன் ஊரில் எரித்துக் கொன்றார்கள். பக்கத்திலுள்ள பிஷப் அரண்மனை, வேல்ஸ் அரசின் வரலாற்றுச் சின்னங்கள் அமைப்பான காட்வ் பராமரிப்பில் உள்ளது. அதற்குத் தனி நுழைவுக் கட்டணம். கோவரின் பெருமண்டபத்துக்காகவே அதைக் கொடுக்கலாம்.