அப்பாவின் துப்பாக்கியைக் கடையில் வைக்கலாமா? 'சேஃப் கஸ்டடி' சேவை பற்றி ஒரு மதிப்பீடு

லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமானதும் பீரோவில் இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஒரு விசித்திரமான நிலை வந்துவிடுகிறது. சொத்து என்ற வகையில் அது வாரிசுகளுடையது. ஆனால் அதை வீட்டில் வைத்திருக்கும் உரிமை வாரிசுகளில் ஒருவருக்கும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 'கருமாதி முடியட்டும், பாகப்பிரிவினை ஆகட்டும்' என்று தள்ளிப்போடும் வீடுகள்தான் அதிகம். ஆயுதச் சட்டம் 1959-இன் 21-ஆம் பிரிவோ தேவையில்லாத தாமதமின்றி ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைக்க இரண்டு இடங்கள்: அருகிலுள்ள காவல் நிலையம், அல்லது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை. ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அவர்களுடைய யூனிட் ஆர்மரி (படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கு) மூன்றாவது வழி.

இந்த மதிப்பீடு, பிறருடைய துப்பாக்கியை வாடகைக்குப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் கடைகளின் 'சேஃப் கஸ்டடி' சேவையைப் பற்றியது. குறிப்பிட்ட கடைகளின் பெயர் இங்கே இல்லை. ஒரே கடையில்கூடப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினால் தரமும் மாறிவிடும்.

முதலில் ஸ்டேஷன், ஒப்பீட்டுக்காக. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இறப்பு நடந்த வாரத்தில் உடனே போய் ஒப்படைக்க அதைவிடப் பக்கமான இடம் இல்லை. அந்த இரண்டு மதிப்பெண்ணும் அதற்குத்தான். அங்கே துப்பாக்கிக்கு எண்ணெய் போட ஆள் கிடையாது. கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். அட்டையின் மை மங்கும், நூல் அறும். கொஞ்ச காலம் கழித்து மாவட்ட ஆயுதப்படையின் கிடங்குக்கு மாற்றினால் வாரிசுக்குத் தகவல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து வருடம் கழித்து ரசீதோடு போய் நிற்பவரிடம் 'இங்க அப்படி எதுவும் இல்லையே' என்று சொல்லப்படுவதற்குப் பெரும்பாலும் திருட்டு காரணமல்ல. பொருள் ஒரு கட்டடத்தில் இருக்கும், பதிவேடு இன்னொரு கட்டடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

கடைக்கு ஐந்துக்கு மூன்றரை. நல்ல கடை என்றால் நான்கரைகூடத் தரலாம். ஆனால் அந்த மூன்றரையில் பாதி, ரசீது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கடையில் வைக்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: துப்பாக்கி விற்க அனுமதி உள்ள கடைக்கெல்லாம் பிறருடைய துப்பாக்கியைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. கடையின் லைசென்ஸில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா, காலாவதி எப்போது என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வைக்காதீர்கள். வீட்டிலிருந்து எடுத்துப் போவதையும் சும்மா காரின் டிக்கியில் போட்டுச் செய்யக் கூடாது. இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் நகல் இரண்டையும் வைத்து உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி பெற்ற பிறகுதான் துப்பாக்கி வாசற்படி தாண்ட வேண்டும். மாவட்டங்களில் அது ஆட்சியர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம். அசல் லைசென்ஸ் புத்தகத்தைக் கொடுக்குமுன் எல்லாப் பக்கத்தையும், முக்கியமாகத் துப்பாக்கி விவரம் எழுதிய பக்கத்தை, நகலெடுத்துவிடுங்கள்.

இனி ரசீது. '12 போர் டிபிபிஎல் - 1' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கடைகள் உண்டு (போர் என்பது குழலின் உள் அளவு, டிபிபிஎல் என்பது பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல்). அந்த ரசீதுக்கு உலகத்தில் உள்ள எந்தப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழலைத் திருப்பிக் கொடுத்தாலும் கணக்கு சரியாகிவிடும். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே அடைபட்டுப்போனது. அதனால் நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற பழைய வெப்ளி அண்ட் ஸ்காட், கிரீனர், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் துப்பாக்கிகள்தான் சுற்றி வருகின்றன. நம் நாட்டு இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும் பர்மிங்ஹாம் துப்பாக்கிக்கும் விலையில் ஒட்டுமில்லை உறவுமில்லை. எண் மட்டும் பொருந்தி உள்ளே வேறு பாகம் இருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

ஆகவே துப்பாக்கியைக் கடைக்காரர் முன்னாலேயே கழற்றுங்கள். முதலில் குழல் காலியா என்று பார்ப்பது. பிறகு முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்றி, மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் குழல்கள் தனியே வந்துவிடும். நல்ல ஆங்கிலத் துப்பாக்கிகளில் ஒரே எண் பல இடங்களில் இருக்கும்: குழலின் அடிப்பக்கத் தட்டையில், ஆக்ஷனில் (குழல் வந்து பூட்டும் உலோக உடம்பு) அல்லது டிரிகர் கார்டின் (விசையைச் சுற்றிய வளையம்) வாலில், முன்கட்டையின் இரும்பில். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். குழல் நீளம் எத்தனை அங்குலம், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) இரண்டரை அங்குலமா இரண்டேமுக்காலா, சுடும் பொறி ஆக்ஷனுக்குள் இருக்கும் பாக்ஸ்லாக்கா பக்கத் தகட்டில் இருக்கும் சைட்லாக்கா, தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் இஜெக்டர் உண்டா, இரு குழலையும் இணைக்கும் நடு ரிப்பில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது, பட்டில் (தோளில் வைக்கும் கட்டை) எங்கே கீறல் என்பதெல்லாம் வர வேண்டும். குழலின் அடியில் கிரீடத்தோடு இருக்கும் சோதனை முத்திரைகளையும் படமெடுத்துவிடுங்கள். குழலை மாற்றினால் எண்ணைத் திரும்பப் பொறிக்கலாம். அந்த முத்திரைகளை அதே இடத்தில் அதே சாய்வில் பொறிப்பது கஷ்டம்.

பெரும்பாலும் காணாமல் போவது துப்பாக்கி அல்ல, அதோடு வந்தவை. தோல் பெட்டி, உபரிக் குழல் ஜோடி, துடைக்கும் கம்பி, ஸ்னாப் கேப் (விசையை வெறுமனே இழுக்கப் போடும் போலித் தோட்டா), தோட்டா பெல்ட். இவை ரசீதில் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது. தோட்டாக்களை எண்ணி, எந்த வகை, எத்தனை என்று தனி வரியில் எழுத வேண்டும்.

பராமரிப்பில் கடைகள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பெட்டியோடு கொடுத்ததை அப்படியே பெட்டியிலேயே வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தோலும் உள்ளே ஒட்டிய கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், குழலின் வெளிப்பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்க. பெட்டி தனி, துப்பாக்கி தனி என்று வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது எண்ணெயைக் கொட்டி, குழல் வாய் மேல்நோக்க நிறுத்தி வைப்பது. மிஞ்சிய எண்ணெய் மெல்ல இறங்கி, ஆக்ஷனுக்குப் பின்னால் மரம் சேரும் இடத்தில் ஊறும். மரம் கறுத்து மெத்தென்றாகி, அடுத்த முறை சுடும்போது அங்கேதான் விரிசல் விடும். மெல்லிய மினரல் எண்ணெய் ஒரு படலம், அதைத் துடைத்துவிட்டு வாய் கீழ்நோக்க வைப்பது, இவ்வளவு போதும். தேங்காயெண்ணெய் போடுகிற கைகளை இன்னும் பார்க்கலாம். அது சில மாதத்தில் பிசினாகி லாக்கை (சுடும் பொறியை) இறுக்கிவிடும். சுத்தியல் வெளியே தெரியாத துப்பாக்கிகள் திறந்தாலே காக் ஆகிவிடும் (சுடத் தயாராகிவிடும்), அப்படியே மூடி வைத்தால் ஸ்பிரிங் ஆண்டுக்கணக்கில் இறுகியே கிடக்கும். ஸ்னாப் கேப் போட்டு டிரிகரை இழுத்துவிட்டு வைப்பது அதற்காகத்தான். இதைச் சொல்லாமலே செய்கிற கடைக்கு அரை மதிப்பெண் கூடுதல்.

வாடகை மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா, பாக்கி விழுந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். 'வாடகை பாக்கிக்கு ஈடாக விற்றுவிட்டோம்' என்பது காதில் விழும் பதில்களில் ஒன்று. 21-ஆம் பிரிவு விற்கும் உரிமையை வாரிசுக்குத்தான் தருகிறது. வாரிசுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறலாம். கடைக்காரருக்கே அவசரமாக விற்கத் தேவையில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். வாங்குபவர் விவரமும் துப்பாக்கி எண்ணும் தொகையும் எழுதிய கடிதத்தில் மட்டும் கையெழுத்து.

கடைகள் சொல்லாமல் விடுகிற விஷயம்தான் துப்பாக்கி கைவிட்டுப் போவதற்கு முதல் காரணம்: கெடு. ஒப்படைத்த பொருளைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அதை அரசுடைமையாக்கலாம். அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தந்து, 30 நாளுக்குள் காரணம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் முகவரி இறந்தவருடைய பழைய வீட்டு முகவரி என்றால் நோட்டீஸ் எங்கே போகும்? ஒப்படைக்கும் அன்றே உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்ணை உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கொடுத்து, ஒப்புகை அட்டையை ரசீதோடு பின் செய்து வையுங்கள்.

துப்பாக்கியை வாரிசு தானே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தன் பெயரில் லைசென்ஸ் வாங்க வேண்டும்; அதற்கான மத்திய அரசின் இணையதளத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம், ஆனால் அச்சிட்டு ஆவணங்களோடு நேரில்தான் கொடுக்க வேண்டும். அதன்பின் போலீஸ் அறிக்கை, வருவாய்த் துறை விசாரணை எல்லாம் பழைய வேகத்தில்தான். வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடமிருந்து. மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதத்தில் 'துப்பாக்கி' என்று பொதுவாக எழுதாமல் எண்ணோடு எழுதுங்கள். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசு வழியில் வந்தாலும் இதே வரம்புதான். நாலைந்து துப்பாக்கி உள்ள பழைய பண்ணை வீடுகளில் யாருக்கு எது என்று முதலிலேயே பிரித்துத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். .303 ரைபிள் போன்ற தடைசெய்யப்பட்ட போர் (குழல் அளவு) என்றால் ஆட்சியர் மட்டத்தில் முடியாது, மத்திய உள்துறை வரை போகும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கவும் வழி இருக்கிறது: 70 வயதானால், அல்லது 25 ஆண்டு வைத்திருந்தால், எது முந்தியதோ அப்போது, வாரிசை நியமித்து லைசென்ஸை மாற்றக் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. இதைச் செய்திருந்தால் சேஃப் கஸ்டடியே தேவைப்படாத குடும்பங்கள் ஏராளம்.

திரும்ப வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பழைய படங்களோடு எண்களைப் பொருத்திப் பாருங்கள். குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே அரிப்பு இருக்கிறதா பாருங்கள். குழல்களைத் தனியே கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரிக் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தென்று வந்தால் நடு ரிப்பின் ஈயப் பற்று விட்டிருக்கிறது. இரண்டரை அங்குல சேம்பர் என்றால் 70 மில்லிமீட்டர் தோட்டா வேண்டாம். குழலில் சுருள் கோலம் தெரியும் டமாஸ்கஸ் இரும்பு என்றால், விஷயம் தெரிந்த ஆளைக் கேட்காமல் இன்றைய தோட்டா எதையுமே போட வேண்டாம்.

கடை மூடிவிட்டது, உரிமையாளர் இறந்துவிட்டார், 'எங்களிடம் இல்லை' என்கிறார்கள் என்றால் வரிசை இது. முதலில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அந்தக் கடையின் கடைசி இருப்புக் கணக்கையும், இருப்பு எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'என் துப்பாக்கி எங்கே' என்று கேள்வியாகக் கேட்காமல் ஆவண நகலாகக் கேளுங்கள்: வைப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கம், இடமாற்றக் குறிப்பு, அரசுடைமை ஆணை இருந்தால் அதன் நகல், நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதற்கான (உரியவரிடம் சேர்க்கப்பட்டதற்கான) சான்று. விற்றுவிட்டதாகத் தெரிந்தால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316. ஸ்டேஷனில், புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். காணாமல் போனது துப்பாக்கி, அதனால் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று உறுதியாக நில்லுங்கள். நாளை அது ஒரு குற்றத்தில் சிக்கினால் உங்களைக் காப்பது அந்தத் தேதிதான்.

நோட்டீஸ் வராமலே அரசுடைமை ஆகியிருந்தாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. பொருளையோ, விற்ற பணத்தையோ, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தர அரசுக்கு 21(6) அதிகாரம் தருகிறது. மனுவில் நோட்டீஸ் சார்பு செய்யப்படாததைக் காட்டும் அந்தத் தகவல் உரிமைப் பதிலை முதல் இணைப்பாக வையுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வக்கீல் கேட்கப்போகும் முதல் காகிதமும் அதுவே.