இங்க்ஸ்கேப் பென்சில் கருவி: வளைவுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளின் பென்சிலை ‘பி’ விசையில் எடுத்து ஒரு வளைவு இழுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். கோடு முழுக்க நோடுகள் (கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) எறும்பு மாதிரி மொய்க்கும், அல்லது வரைந்த உருவமே கரைந்து வேறொன்றாக நிற்கும். குற்றம் கருவியுடையது மட்டுமல்ல. இந்தப் பென்சில் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. கை போன வழியைப் பதிவு செய்து, அதன் மேல் நோடுகளால் கட்டுப்படும் பெசியர் வளைவுகளைப் பொருத்துகிறது, அவ்வளவுதான். அஃபினிட்டி டிசைனர் என்ற வரைகலை மென்பொருளில் கை நடுக்கத்தை அடக்க இருக்கும் கயிறு முறை ஸ்டெபிலைசர் போல, பேனாவுக்குப் பின்னால் கோடு இழுபட்டு வரும் வசதியை இதில் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் பொருத்தும் வேலையை எப்படிச் செய்கிறது என்று புரிந்துகொண்டால், இலவச மென்பொருளில் இவ்வளவு நல்ல பென்சில் வேறில்லை என்றே சொல்லலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது மேல் பட்டையில் உள்ள ஸ்மூதிங், அதாவது கோட்டை எவ்வளவு வழவழப்பாக்குவது என்ற எண். 1 முதல் 100 வரை போகும். இந்த எண் ஏறும் வேகம் சீரானதல்ல. மேலே போகப் போக ஒவ்வொரு படியின் விளைவும் பெரிதாகும். டேப்லெட் பேனாவுக்கு 15 முதல் 25, மவுசுக்கு 30 முதல் 45 என்று தொடங்குவது நல்லது. அதற்கு மேல் போனால் சிறிய வளைவுகள் மொட்டையாகிவிடும்.

பலரும் தவறவிடுவது ஜூம். ஸ்மூதிங் அனுமதிக்கும் விலகல் திரையின் பிக்சலில் கணக்கிடப்படுகிறது, காகிதத்தின் அளவில் அல்ல. அதே 20, 400% ஜூமில் வரையும்போது 100% ஜூமில் இருப்பதைவிட நான்கு மடங்கு கறாராகிவிடும். ‘கவனமாக வரையலாம்’ என்று நெருங்கிப் போய் வரைகிறவர்களுக்கே நோடுகள் அதிகம் சேர்வதும், ஒரே படத்தில் ஒரு கோடு வழவழப்பாகவும் பக்கத்துக் கோடு நடுங்கியும் வருவதும் இதனால்தான். ஒரு படத்தின் முக்கியக் கோடுகளை ஒரே ஜூமில் முடியுங்கள். மணிக்கட்டு மட்டும் அசையாமல் முன்கையும் சேர்ந்து நகரும் அளவுக்குக் கோடு திரையில் நீளமாக இருக்க வேண்டும், வேகமும் முக்கியம். மெதுவாக ஊர்ந்தால் நடுக்கம் முழுவதும் பதிவாகும்.

வரைந்த பின் திருத்த எல்லோரும் நாடுவது கன்ட்ரோல் + எல், அதாவது நோடுகளைக் குறைத்துக் கோட்டை எளிமையாக்கும் சிம்ப்ளிஃபை. இதில் இரண்டு பொறிகள் உண்டு. அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கடுமை கூடும். சற்று நிறுத்தி அழுத்தினால் பழைய அளவுக்கே திரும்பும். இரண்டாவது பொறி: எவ்வளவு எளிமையாக்குவது என்பதைத் தேர்வு செய்த பொருள்களின் மொத்த அளவை வைத்தே நிரல் முடிவு செய்கிறது. பெரிய உடலோடு சேர்த்துக் கண் இமையையும் தேர்வு செய்து அழுத்தினால் இமை காணாமல் போகும். சிறியவற்றைத் தனியாகத் தேர்வு செய்து அழுத்துங்கள்.

இதைவிட நல்ல வழி பென்சில் பட்டையிலேயே ஒளிந்திருக்கிறது. பெசியர் முறையில் இருக்கும்போது, பாதை விளைவு (மூலக் கோட்டை அழிக்காமல் அதன் மேல் போடும் மாற்றம்) வழியாக எளிமையாக்கும் பொத்தானை முன்கூட்டியே அழுத்திவிட்டு வரைந்தால், கோடு முடிந்த பிறகும் ஸ்மூதிங் எண்ணை நகர்த்தி விளைவைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யலாம். பிடித்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் உள்ள பொத்தானால் நிரந்தரமாக்கிவிடலாம். இந்தக் கருவியில் நாம் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். இவ்வளவு பயனுள்ள பொத்தானை விளக்கமில்லாத ஒரு சிறு படமாக வைத்திருப்பது மட்டும் எரிச்சல்.

பென்சில் பட்டையில் உள்ள மற்ற வரையும் முறைகளில் ஸ்பைரோ கண்ணுக்கு அழகான வளைவு தரும், ஆனால் நோடுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தள்ளியும் விழுந்தால் திடீரென்று சுருண்டு கொண்டை போட்டுவிடும். பி-ஸ்ப்லைனில் கோடு நோடுகளின் வழியே போகாமல் அவற்றை ஒட்டிப் போவதால் கூர்மை தேவையில்லாத இடங்களுக்கு, முடிக்கற்றை, புகை போன்றவற்றுக்கு, பொருந்தும்.

கூர்முனைகளை ஸ்மூதிங் மழுக்கும் என்பதால் இலை நுனி, விரல் இடுக்கு போன்ற இடங்களில் கையை எடுத்துவிடுவதே சரி. கோடு தேர்வில் இருக்கும்போது அதன் முனையில் தெரியும் சிறு சதுரத்திலிருந்து அடுத்த இழுப்பைத் தொடங்கினால் இரண்டும் ஒரே பாதையாகும், நடுவில் மூலையும் கூராக நிற்கும்.

கடைசிச் சுத்தம் நோடு கருவியில், ‘என்’ விசை. தேவையற்ற நோடுகளை டெலிட் செய்தால் நிரல் வளைவைக் கூடியவரை காப்பாற்றும். கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினால் காப்பாற்றாது. மிச்சமிருப்பவற்றை ஷிப்ட் + எஸ் கொடுத்து வழவழப்பாக்குங்கள். வளைவின் உச்சி, அடி, இடது, வலது ஓரங்களில் நோடு நின்றால் போதும். முழு வட்டத்துக்கே நான்குதான் தேவை. ஒரு எளிய வளைவில் ஏழெட்டு நோடு இருந்தால், திருத்துவதைவிட மறுபடி வரைவது சீக்கிரம் முடியும்.

பேனா அழுத்தத்துக்கேற்பக் கோட்டைத் தடித்தும் மெலிந்தும் காட்டும் வசதி 1.0 பதிப்பில் (2020) வந்தது. அழுத்தம் பதிவாகவில்லையென்றால் எடிட் மெனுவின் இன்புட் டிவைசஸ் பகுதியில் பேனாவை ஸ்க்ரீன் முறைக்கு மாற்றிப் பாருங்கள். இது பவர்ஸ்ட்ரோக் என்ற, கோட்டின் தடிமனை மாற்றும் பாதை விளைவாகச் சேர்வதால் படம் கனக்கும். நூற்றுக்கணக்கான கோடுகள் உள்ள படத்தில் நிரல் தடுமாறும். முடிந்த பகுதிகளை ஷிப்ட் + கன்ட்ரோல் + சி கொடுத்துச் சாதாரணப் பாதையாக்குவது உதவும், ஆனால் அதன்பின் தடிமனைக் கைப்பிடியால் மாற்ற முடியாது. ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மை தீட்டும் வேலை மட்டுமே உள்ளவர்கள் பென்சிலை விட்டு ‘சி’ விசையில் உள்ள கேலிகிராஃபி கருவிக்குப் போகலாம். அதில் மாஸ் என்ற எண்ணைக் கூட்டினால் பேனா கனமாகிப் பின்தங்கி வரும், நடுக்கம் அடங்கும். ஸ்டெபிலைசருக்கு மிக அருகில் இங்க்ஸ்கேப் வருவது இங்கேதான். கிடைப்பது கோடல்ல, நிறம் நிரப்பிய மூடிய உருவம்; இரு ஓரங்களிலும் நோடுகள் இருக்கும். அதன் மேல் கன்ட்ரோல் + எல் அழுத்தினால் முதலில் போவது மெலிந்த நுனிகள்தான்.