ஏரிக்கரையில் வீடு வாங்கும்முன் அணை யார் தலையில் என்று கேளுங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே, கேரி, ஏபெக்ஸ் பக்கம் ஏரியை ஒட்டிய கம்யூனிட்டிகளில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வீடு வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், 18,400 டாலருக்கு ஒரு பில் அனுப்பியது. ஏரியின் அணையைச் சரிசெய்ய எங்கள் வீட்டின் பங்கு அது. இந்தச் செலவு வரப்போகிறது என்பது வீட்டை விற்றவருக்குத் தெரியும், சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டுக்குத் தெரியும், கணக்கு வழக்குகளைப் பார்க்கும் மேனேஜ்மென்ட் கம்பெனிக்கும் தெரியும். எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மொத்தம் 142 வீடுகள். நடுவில் ஏரி, சுற்றிலும் பைன் மரங்கள், ஒரு ஓரத்தில் மரத்தாலான சின்னப் படகுத்துறை. வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர்தான். "சார், எச்.ஓ.ஏ. மாசம் 95 டாலர்தான். ஏரிக்கரையில இவ்வளவு கம்மியா இந்தப் பக்கம் எங்கேயும் கிடைக்காது" என்றார். அந்தக் குறைந்த தொகைக்கு என்ன காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. பல வருடமாக போர்டு கட்டணத்தை ஏற்றவே இல்லை. கட்டணத்தை ஏற்றினால் அடுத்த தேர்தலில் ஓட்டு விழாது. அதனால் அணைக்கென்று ஒரு காசுகூடச் சேர்த்து வைக்கவில்லை. பெரிய பழுதுகளுக்கு ரிசர்வ் ஃபண்ட் வைத்தே ஆகவேண்டும் என்று வட கரோலினா சட்டமும் சங்கங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை.

நாங்கள் விசாரிக்காமல் வாங்கவில்லை. ஏதாவது பெரிய செலவு, ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாதக் கட்டணத்துக்கு மேல் சங்கம் போடும் சிறப்புக் கட்டணம்) வருகிறதா என்று ஏஜென்ட் மூலமாக மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டோம். "இன்றைய தேதிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்பெஷல் அசெஸ்மென்ட் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. வீட்டைப் பற்றிய விவரங்களை விற்பவர் நிரப்பித் தரவேண்டிய டிஸ்க்ளோஷர் படிவத்திலும் "இல்லை" என்றே டிக் செய்திருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கூரை, அஸ்திவாரம், ஏசி எல்லாம் பார்த்து நீளமான ரிப்போர்ட் கொடுத்தார். இந்த மாநிலத்தில் வக்கீல் வைத்துத்தான் க்ளோசிங், அதாவது வீட்டைக் கைமாற்றும் இறுதி வேலை, நடக்கும்; அவரும் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்றார். வீடு வாங்கும் எந்தக் குடும்பமும் இதற்கு மேல் என்ன செய்யும்?

அந்தப் பதிலில் இருக்கும் "அங்கீகரிக்கப்பட்ட" என்ற ஒரு வார்த்தையில்தான் மொத்த விஷயமும் ஒளிந்திருந்தது. வட கரோலினா டிஸ்க்ளோஷர் படிவம், முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்டணங்களைப் பற்றித்தான் கேட்கிறது. போர்டு பேசி, எஞ்சினியரை வைத்து மதிப்பீடு வாங்கி, ஓட்டெடுப்புக்குத் தேதி மட்டும் குறிக்காமல் வைத்திருந்தால், "இல்லை" என்று டிக் செய்துவிட்டுப் போய்விடலாம். இங்கே வழக்கமாகப் பயன்படும் வீடு வாங்கும் ஒப்பந்தமும் அதே கோட்டைத்தான் போடுகிறது: செட்டில்மென்டுக்கு, அதாவது க்ளோசிங்குக்கு, முன் உறுதியான அசெஸ்மென்ட் விற்பவர் பொறுப்பு, பேச்சளவில் இருப்பது வாங்குபவர் பொறுப்பு. ஆகவே ஓட்டெடுப்பை இரண்டு மாதம் தள்ளிப் போட்டாலே போதும், 18,400 டாலர் ஒரு குடும்பத்தின் பையிலிருந்து இன்னொரு குடும்பத்தின் தலைக்கு மாறிவிடும். எங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

அந்தப் படிவத்தில் "ஆம்", "இல்லை" தவிர மூன்றாவதாக ஒரு கட்டமும் உண்டு. "நான் எதுவும் சொல்லவில்லை" என்பது அதன் பொருள். என்.ஆர். என்று போட்டிருக்கும். ஈரம், வடிகால், கட்டுமானம் பற்றிய கேள்விகளுக்கு எங்களுக்கு விற்றவர் வரிசையாக அதைத்தான் டிக் செய்திருந்தார். சட்டப்படி அதில் தப்பில்லையாம். "எல்லாரும் இப்படித்தான் சார் போடுவாங்க" என்று ஏஜென்ட் சொன்னதும் உண்மைதான். ஆனால் என்.ஆர். வரிசையாக இருந்தால், அந்த ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே தனியாக விசாரித்தாக வேண்டும்.

பில் வந்த பிறகு, சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில் போர்டு கூட்டங்களின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளை, கேட்டு வாங்கினேன். அந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது, முதலில் இழுத்தடித்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். படித்தபோது கை நடுங்கியது. நாங்கள் ஆஃபர் போடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, அணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. எஞ்சினியர் கூட்டத்துக்கு வந்து சுமார் 26 லட்சம் டாலர் ஆகும் என்று வாசித்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் ஏரிக் கமிட்டி உறுப்பினர் என்று ஒரு பெயர். எங்களுக்கு வீட்டை விற்றவரின் பெயர். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் அவர் வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். க்ளோசிங் அன்று எங்கள் பிள்ளைகளிடம், "துறைக்குப் பக்கத்தில் நிறைய மீன் கிடைக்கும்" என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

அணையின் நிலை என்ன என்பதை எஞ்சினியர் கூடவே நடந்து பார்த்தேன். அணை என்றதும் கான்கிரீட் சுவரை நினைக்காதீர்கள். நாங்கள் மாலையில் நடக்கப் போகும் அந்தப் புல்மேடுதான் அணை. 1970களில் மண்ணைக் கொட்டிக் கட்டியது. அதன் வெளிச்சரிவில் தானாக முளைத்த பைன் மரங்கள் ஒரு ஆள் கட்டிப் பிடிக்கும் அளவுக்குப் பருத்து நிற்கின்றன. எங்களுக்கு அவை அழகாகத் தெரிந்தன. எஞ்சினியர் ஒரு மரத்தைத் தட்டி, "இதன் வேர் எதுவரை போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். மரம் பட்டுப்போனால் வேர் மக்கும், வேர் இருந்த வழியே தண்ணீர் கசியத் தொடங்கும். மேட்டின் அடியில் மழை பெய்து நாளாகியும் காயாத ஒரு திட்டு இருந்தது. ஷூ வைத்தால் சொதசொதவென்று உள்ளே போனது. ஏரியின் உபரி நீரை அணைக்கு அடியில் கடத்தும் நெளிநெளியான தகரக் குழாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். அடிப்பகுதி துருப்பிடித்து அங்கங்கே உதிர்ந்து, தகரம் இருந்த இடத்தில் மண் தெரிந்தது. அந்தக் காலத்தில் மலிவு என்று பல சிறிய அணைகளில் இந்தக் குழாயைத்தான் போட்டார்களாம். குழாயைச் சுற்றி மண் அரித்தால் அணை உள்ளுக்குள்ளேயே பொத்தலாகிவிடும்.

மாநிலப் பதிவேட்டில் எங்கள் அணை "அதிக ஆபத்து" வகையில் இருக்கிறது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அணை உடையும் நிலையில் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு உயிர்ச்சேதம் வரலாம் என்று அர்த்தம். கீழே ரோடும் வீடுகளும் இருப்பதால் அந்த வகை. புத்தம் புது அணைகூட இந்த வகையில் வரலாம். ஆனால் இந்த வகையில் இருந்து, பழையதாகவும் இருந்தால், செலவு வராமல் போகாது. அணையைச் சரிசெய்யும்வரை ஏரித் தண்ணீரைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏரியின் கால்வாசி இப்போது சேறு. பிரீமியம் கொடுத்து வாங்கிய ஏரி வியூ அதுதான்.

எங்கள் கதை தனிக்கதை அல்ல. 2016இல் மாத்யூ புயல் வந்தபோது இதே மாநிலத்தில் ஃபயட்வில் பக்கம் அணைகள் உடைந்தன. அந்தக் கரைகளில் வீடு வாங்கியவர்கள் வருடக்கணக்கில் தண்ணீரில்லாத ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2018இல் புளோரன்ஸ் புயலில் பாய்லிங் ஸ்பிரிங் லேக்ஸ் ஊரின் பெரிய ஏரியே வடிந்து போனது. மிச்சிகனில் 2020 மே 19 அன்று ஈடன்வில் அணை உடைந்து விக்ஸம் ஏரி ஒரே நாளில் காலி. அங்கே மாநில அரசு 20 கோடி டாலர் கொடுத்தும் போதாமல், ஏரிகளைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் மீது சிறப்புக் கட்டணம் விழுந்தது. அங்கெல்லாம் புயலும் மழையும் வந்துதான் விஷயம் வெளியே தெரிந்தது. எங்கள் ஊரில் நோட்டீஸ் கையில் இருந்தும் மறைத்தார்கள்.

பில்லை எதிர்த்து ஓட்டுப் போடலாமே என்று கேட்கலாம். எங்கள் சங்கம் இதை வருட பட்ஜெட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தது. இந்த மாநிலத்தின் திட்டமிட்ட கம்யூனிட்டி சட்டத்தின்படி, மொத்த வீட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால்தான் பட்ஜெட் தோற்கும். கூட்டத்துக்கு ஆள் வராவிட்டாலும் அது நிறைவேறியதாகவே கணக்கு. வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் யாரும் வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி ஒருவர் பில்லைக் கையில் பிடித்தபடி எழுந்து, சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசு ஓய்வூதியப் பணத்தில்தான் வாழ்கிறேன், இதை எப்படிக் கட்டுவேன் என்று கேட்டார். வட்டியோடு தவணை உண்டு என்று பதில் சொன்னார்கள். கட்டாமல் விட்டால் வீட்டின் மீது சங்கம் உரிமைப் பற்று (லீன், அதாவது பாக்கிக்காக வீட்டின் மேல் போடும் பிடி) பதியலாம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் ஏலத்துக்கே கொண்டுபோகலாம். வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டினாலும் இது நடக்கும். வீட்டு இன்ஷூரன்ஸில், சங்கம் போடும் இப்படிப்பட்ட கட்டணத்துக்கு லாஸ் அசெஸ்மென்ட் என்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று அதையும் கேட்டுப் பார்த்தோம். புயல், தீ போன்ற திடீர் சேதத்துக்குத்தான் அது, பராமரிக்காமல் விட்டதற்குக் கிடையாது என்றார்கள்.

சரி, நீங்கள் என்ன கேட்க வேண்டும்? முதலில், இந்த ஏரியும் அணையும் யார் பெயரில் இருக்கிறது? லேக் நார்மன் மாதிரிப் பெரிய ஏரி என்றால் மின் நிறுவனத்துடையது. அங்கே படகுத்துறை கட்டக்கூட அவர்கள் அனுமதி வேண்டும், ஆனால் அணைச் செலவு உங்கள் வீட்டுக்கு வராது. கம்யூனிட்டிக்குள்ளேயே இருக்கும் சிறிய ஏரி என்றால் பெரும்பாலும் அது சங்கத்தின் சொத்து. அதாவது அணையில் உங்களுக்கும் ஒரு பங்கு. கவுன்ட்டி ரிஜிஸ்டர் அலுவலகத்தின் இணையப் பதிவில் இதைப் பார்க்கலாம்.

அப்புறம், "அங்கீகரித்த அசெஸ்மென்ட் உண்டா" என்று கேட்காதீர்கள். "போர்டில் பேசப்பட்ட, மதிப்பீடு வாங்கிய, ஆலோசனையில் இருக்கும் ஏதாவது உண்டா" என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி இரண்டு வருட மினிட்ஸ், ரிசர்வ் கணக்கு இரண்டையும் விற்பவர் வழியாக வாங்குங்கள். நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லை, உங்களிடம் நேராகத் தரமாட்டார்கள். விற்பவர் கேட்டால் தந்தாக வேண்டும். அவர் மறுத்தால் அந்த வீடே வேண்டாம்.

மூன்றாவதாக, அமெரிக்க ராணுவப் பொறியியல் படையின் தேசிய அணைப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏரியின் பெயரைத் தேடினால் கட்டிய வருடம், உயரம், ஆபத்து வகை எல்லாம் வரும். மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் ஆய்வு ரிப்போர்ட்டையும் அனுப்பிய நோட்டீஸ்களையும் தருவார்கள். அவை பொது ஆவணங்கள். எங்கள் அணை பற்றிய கடிதங்களும் அங்கேதான் இருந்தன. எங்கள் ஏஜென்டோ, வக்கீலோ, இன்ஸ்பெக்டரோ அப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொல்லவே இல்லை. ஏரிக்கரை வீடுகளை விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

இதையெல்லாம் ட்யூ டிலிஜென்ஸ் தேதிக்குள், அதாவது வீட்டை விசாரித்துப் பார்த்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்ள ஒப்பந்தம் தரும் கெடுவுக்குள், முடிக்க வேண்டும். இந்த மாநிலத்தில் அந்த அவகாசத்துக்காகக் கொடுக்கும் ஃபீ நேராக விற்பவர் கைக்குப் போகிறது. நீங்கள் பின்வாங்கினால் திரும்ப வராது. ஏர்னஸ்ட் மணி எனும் முன்பணம் மட்டும் அந்தத் தேதிக்குள் விலகினால் திரும்ப வரும். போட்டி அதிகம் என்று சொல்லி ஃபீயை ஏற்றவும் நாட்களைக் குறைக்கவும் ஏஜென்ட் சொல்வார். ஏரி இருக்கும் கம்யூனிட்டியில் நாட்களைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசாங்கத்திடமிருந்து ரிப்போர்ட் வரவே ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம்.

விற்றவர் மீது வழக்குப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேட்டோம். படிவத்தின் வார்த்தைப்படி அவர் பொய் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும், நிரூபிக்க ஆகும் செலவு பில்லைவிட அதிகமாகலாம் என்றார். ஆனால் ஏஜென்ட்களுக்கு அந்த வசதி இல்லை. தெரிந்த முக்கியமான விஷயத்தை, விற்பவர் சொல்லாவிட்டாலும், வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதனால் விற்பவர் தரப்பு ஏஜென்ட் மீது மாநில ரியல் எஸ்டேட் கமிஷனில் மினிட்ஸ் நகலோடு புகார் கொடுத்திருக்கிறோம். கமிஷன் லைசென்ஸ் மீது நடவடிக்கை எடுக்கும், பணம் வாங்கித் தராது. தெரிந்துதான் கொடுத்தோம். அதே ஏஜென்ட் இப்போதும் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டை "அமைதியான ஏரி, குறைந்த எச்.ஓ.ஏ." என்று விளம்பரப் பலகை நட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். பார்க்க வரும் குடும்பங்களை நானும் மனைவியும் வாசலிலேயே நிறுத்தி, அணையைப் பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்புகிறோம்.