உப்புக்காத்துல 8 வருஷம்: பைக் ஃபோர்க்கோட என் அனுபவம்

தங்கச்சிமடத்துல இருந்து தனுஷ்கோடிக்கும் மண்டபத்துக்கும் 8 வருஷமா ஒரே 100 சிசி பைக்தான் ஓட்டுறேன், இன்ஜின் பெருசா ஒண்ணும் படுத்தல, ஆனா முன்னாடி ஃபோர்க் இருக்கே, அதான் முன்சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு குலுக்கலை வாங்குற ரெண்டு கால், அது என்னைய ரொம்ப அலைய விட்டுருச்சு. கடல்பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

மொத 3 வருஷத்துல மட்டும் 4 தடவ ஆயில் சீல் (ஃபோர்க்குக்குள்ள இருக்குற ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம்) மாத்துனேன். புதுசு போட்டு ஆறேழு மாசம் நல்லா இருக்கும், அப்புறம் பாத்தா ஃபோர்க்கோட பளபள பைப்புல எண்ணெய் கசிஞ்சு அதுல மணல் ஒட்டி கருப்பா அப்பியிருக்கும், பாம்பன் ரோட்டுப்பாலத்துல ஜாயிண்ட் வர்றப்பலாம் கைல அடி விழும். ஒருத்தர் சீல் மட்டம்னாரு, இன்னொருத்தர் ரோடு சரியில்லன்னாரு. கடைசியா ராமநாதபுரத்துல வயசான மெக்கானிக் ஒருத்தரு பைப்பைத் துடைச்சுவிட்டு நகத்தை வச்சு மேலருந்து கீழ இழுத்துப் பாக்கச் சொன்னாரு. நகம் மாட்டுச்சு. "சீல் மேல தப்பு இல்ல தம்பி, பைப்பு குழி விழுந்துருக்கு, அது அரம் மாதிரி சீலை அராவுது"ன்னாரு.

விஷயம் அவ்ளோதான். வண்டி குலுங்குறப்ப ஃபோர்க்குக்குள்ள இருக்குற ஆயில் சின்ன ஓட்டை வழியா பிதுங்கிப் போகணும், அந்த இழுவைதான் ஆட்டத்தை அடக்குது, ஸ்பிரிங் மட்டும் இருந்தா வண்டி துள்ளிக்கிட்டே இருக்கும். உச்சிப்புளி கடற்படைத் தளத்துல இறங்குற விமானத்தோட காலுலயும் இதே கதைதான், அங்க ஆயிலோட நைட்ரஜன் வாயுவும் அடைச்சிருப்பாங்க. எங்கயா இருந்தாலும் பளபளன்னு இருக்குற அந்தத் தண்டு (பைக்ல அந்த பைப்பு) கெட்டா எந்த சீலும் நிக்காது.

ரெண்டு பைப்பையும் புதுசா மாத்துனேன். செலவுதான், ஆனா 4 தடவ சீல் மாத்துன காசையும் அலைச்சலையும் நெனச்சா முன்னாடியே செஞ்சிருக்கணும். இன்னொண்ணு, மணல் போகாதுன்னு நம்பி பைப்பை மூடுற ரப்பர் உறை, அதான் பூட், மாட்டியிருந்தேன், கழட்டிப் பாத்தா உள்ள ஈர மணலும் உப்புத்தண்ணியும் தேங்கி அங்கதான் துரு அதிகம். நம்ம ஊருக்கு பூட் மாட்டுனா மாசம் ஒருக்கா தூக்கிப் பாத்தே ஆகணும், அதுக்கு மாட்டாமலே இருக்கலாம்ங்கிறது என் முடிவு.

இப்ப தனுஷ்கோடி கடைசியில இருக்குற அரிச்சல்முனை போயிட்டு வந்தா அன்னைக்கே நல்லதண்ணி ஊத்திக் கழுவி, காஞ்ச துணியால பைப்பைத் துடைச்சிருவேன். கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) வீசுற மாசங்கள்ல வெளிய போகலன்னாலும் துடைப்பேன், நிக்கிற வண்டி மேலயே உப்பு படியுது. கிரீஸ் தடவாதீங்க, மணலை இழுத்து வச்சுக்கும். ஆயில் மாத்துறப்ப குத்துமதிப்பா ஊத்த விடாதீங்க, மேனுவல்ல போட்டிருக்க அளவை அளந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல ஊத்தணும். சீலை ஸ்க்ரூடிரைவர் வச்சு தட்டி எறக்குனா அப்பவே ஓரம் கிழிஞ்சிரும், அதே அளவு பிளாஸ்டிக் பைப் துண்டு வச்சு சுத்திலும் சமமா எறக்கச் சொல்லுங்க.

பைப் மாத்தி 5 வருஷம் ஆச்சு, சீல் ஒரே ஒரு தடவதான் மாத்தியிருக்கேன். போன வாடைக்காலத்துல இடது பக்கம் லேசா ஈரம் தெரிஞ்சுச்சு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிசா வெட்டி சீல் ஓரத்துல விட்டு ஒரு சுத்து சுத்துனேன், மணல் நாலு துகள் வந்துச்சு, அதோட கசிவும் நின்னுருச்சு.