கோப்புகளை இணைக்க கேட் கட்டளை: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பதற்கென்றே மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. இழுத்துப் போட்டு, வரிசையை மாற்றி, ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. நானும் அப்படிச் சிலவற்றை வைத்திருந்து ஒவ்வொன்றாக நீக்கிவிட்டேன். ஒன்று பெரிய கோப்பைக் கொடுத்தால் உறைந்து நின்றது. இன்னொன்று என்னைக் கேட்காமலே எழுத்துக் குறியாக்கத்தை மாற்றி வைத்தது. இப்போது பல வருடங்களாக லினக்ஸில் கேட் (cat), விண்டோஸில் காப்பி (copy) என்ற கட்டளைகள், அவ்வளவுதான்.

இந்த வேலை எனக்கு அடிக்கடி வரும். பலர் பங்கு போட்டுத் தட்டச்சு செய்து அனுப்பும் அத்தியாயங்களை ஒரே கோப்பாக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்றாக வரும் சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) வருடக் கோப்பாக்க வேண்டும். நாள்வாரியாகச் சேரும் லாக் கோப்புகளை (கணினி தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவுகள்) மொத்தமாக வைத்துத் தேட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு வரி போதும்:

கேட் பாகம்1 பாகம்2 பாகம்3 > முழு

இந்த வரி செய்வது என்ன? முதல் கோப்பில் உள்ள பைட்டுகளை அப்படியே எடுத்து வைக்கிறது. அதன் வாலில் இரண்டாவது கோப்பின் பைட்டுகள், அப்புறம் மூன்றாவது. எல்லாம் அம்புக் குறிக்குப் பின்னால் உள்ள முழு என்ற கோப்பில் போய்ச் சேரும். உள்ளே இருப்பது கவிதையா, கணக்கா, படமா என்று கேட் பார்ப்பதே இல்லை. 1971-ல் வந்த, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இது இருந்தது. அன்றும் இதே வேலைதான். நான் இதை நம்புவதற்குக் காரணமும் இந்தக் கண்டுகொள்ளாத குணம்தான். எனக்குத் தெரியாமல் எதையும் திருத்தாது, நல்லது செய்கிறேன் என்று எதையும் கெடுக்காது. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து எழுதுவதால், டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கவே முடியாத பல ஜிபி லாக் கோப்புகளைக்கூடப் பழைய கணினியில் சலனமில்லாமல் சேர்த்துவிடும்.

ஆனால் கோப்புகள் சேரும் இடத்தை அது கவனிக்காததால், அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. இத்தனை வருடங்களில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி கேட் கட்டளையைப் பற்றியது அல்ல, கோப்புகளின் ஓரங்களைப் பற்றியது.

முதலில் வரிசை. நட்சத்திரக் குறி போட்டு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னால், நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், பெயர்களை எழுத்து வரிசையில்தான் அடுக்கும். எண் வரிசை அதற்குத் தெரியாது. அத்தியாயம்1-க்குப் பின்னால் அத்தியாயம்10, 11, 12 எல்லாம் வந்து நிற்க, அத்தியாயம்2 பாவம் எங்கேயோ பின்னால் கிடக்கும். 01, 02 என்று முன்னால் பூஜ்யம் வைத்துப் பெயரிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. அடுத்தவர் அனுப்பும் கோப்புகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நான் முதலில் கேட் இருக்கும் இடத்தில், கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ (echo) போட்டு, > குறியை விட்டுவிட்டு, அதே வரியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். எந்த வரிசையில் சேரப் போகின்றன என்பது திரையில் வந்துவிடும். தப்பாக இருந்தால் சுருள் அடைப்புக்குள் 1..20 என்று எழுதிவிட்டால் போதும், லினக்ஸில் வழக்கமான ஷெல்லான பாஷ் எண் வரிசையிலேயே விரித்துக்கொடுக்கும்.

> குறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேட் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். பாகம்1, பாகம்2 இரண்டையும் சேர்த்துப் பாகம்1 என்ற பெயரிலேயே எழுதச் சொன்னால், பாகம்1-ல் இருந்தது போயே போச்சு. ஷெல்லில் நோகிளாபர் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுத அது மறுத்துவிடும். கணினியை மாற்றினால் நான் முதலில் செய்யும் காரியங்களில் இதுவும் ஒன்று. அதேபோல, சேர்த்த கோப்பை மூலக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைப்பதில்லை. அங்கேயே வைத்தால், இரண்டாம் முறை நட்சத்திரக் குறியோடு ஓட்டும்போது பழைய முழுக் கோப்பும் பட்டியலில் ஏறிக்கொள்ளும். லினக்ஸில் உள்ள ஜிஎன்யூ கேட் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் என்றாலும், அதை நம்பி இருப்பதைவிட ஒரு ஃபோல்டர் மேலே எழுதுவது நிம்மதி.

இனி கோப்பின் கடைசி வரி. அதிகம் தொல்லை தருவது இதுதான். ஒவ்வொரு வரியும், கடைசி வரி உட்பட, வரிமுறிவோடு முடிய வேண்டும் என்பது யூனிக்ஸ் மரபு. பல எடிட்டர்கள் கடைசி வரிக்கு அதை வைப்பதில்லை. திறந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சேர்க்கும்போதுதான் தெரியும்: ஒரு அத்தியாயத்தின் கடைசி வாக்கியமும் அடுத்ததன் தலைப்பும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உரைநடையில் கண்ணில் பட்டுவிடும், சரி. சிஎஸ்வியில் ஜனவரியின் கடைசி வரியோடு பிப்ரவரியின் முதல் வரி சேர்ந்து, இரண்டு மடங்கு நெடுவரிசைகளோடு ஒரு விநோத வரி பிறக்கும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யார் பார்ப்பது?

இதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறிய மருந்து, எழுத்துக் கோப்புகளைக் கையாளும் ஆக் (awk) கட்டளை. கேட் இருக்கும் இடத்தில் ஆக் 1 என்று போட்டால் போதும். ஆக் வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் வரிமுறிவோடு எழுதும். கடைசி வரியில் அது விட்டுப்போயிருந்தால் தானே வைத்துவிடும். அந்த 1 என்பது ‘உண்மை’ என்று பொருள்படும் நிபந்தனை, அதாவது எல்லா வரியையும் எழுது. எழுத்துக் கோப்புகளுக்கு இப்போது நான் கேட் அடிப்பதே குறைந்துவிட்டது, கை தானாக ஆக் 1-க்குப் போகிறது. சிஎஸ்வியில் ஒவ்வொரு மாதத்தின் தலைப்பு வரியும் திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கும் ஆக் பதில் சொல்லும்: முதல் கோப்பைத் தவிர மற்றவற்றின் முதல் வரியைத் தாண்டிப் போ என்று ஒரு சிறு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது.

ஓரத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆசாமி பிஓஎம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள கோப்புகளின் தொடக்கத்தில், குறியாக்கத்தைக் காட்டும் அடையாளமாக, சில விண்டோஸ் மென்பொருள்கள் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை எழுதிவைக்கும். கோப்பின் தலையில் இருக்கும்வரை அது யாருக்கும் தொந்தரவில்லை. கேட் போட்டுச் சேர்த்தபின் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தில் இருந்ததும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் தெரியாது. ஆனால் ‘இந்தச் சொல்லில் தொடங்கும் வரி’ என்று தேடினால் அந்த வரி மட்டும் அகப்படாது. கண்ணெதிரே இருக்கும் வரியைக் கணினி இல்லை என்று சாதிக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கேட் கட்டளைக்கே மைனஸ் பெரிய ஏ கொடுத்து ஓட்டினால் மறைந்திருக்கும் எல்லாம் வெளியே வரும். தமிழ் எழுத்துகளும் குறிகளாக மாறித் திரை கொஞ்சம் பயமுறுத்தும். வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். கண்டுபிடித்தபின், சேர்ப்பதற்கு முன்னால், எழுத்தைத் திருத்தும் செட் (sed) கட்டளையால் ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலிருந்தும் அந்த மூன்று பைட்டுகளைக் கிள்ளிவிடலாம்.

ஒரு கிளைக்கதை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவதெல்லாம் கேட் செய்ய வேண்டிய வேலையா என்று யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராப் பைக் 1983-லேயே யூனிக்ஸ் பயனர் சங்கமான யூஸ்நிக்ஸின் ஒரு மாநாட்டில் சண்டைக்கு நின்றார். ஒரு கருவி ஒரு வேலை என்ற யூனிக்ஸ் கொள்கைப்படி அவர் சொன்னது சரிதான். கொள்கையளவில் நான் அவர் கட்சி. ஆனாலும் அந்த வசதி இல்லாமல் என்னால் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

விண்டோஸுக்கு வருவோம். கமாண்ட் ப்ராம்ப்டில் காப்பி கட்டளையே கூட்டல் குறியோடு இணைக்கவும் செய்யும்:

காப்பி /பி பாகம்1+பாகம்2 முழு

அந்த /பி-ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் இணைத்தால், உள்ளே இருப்பது வெறும் எழுத்து என்று காப்பி எடுத்துக்கொண்டு, 26 என்ற மதிப்புள்ள பைட்டைப் பார்த்ததும் கோப்பு முடிந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளும். சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்துப் பழக்கம் இது. அங்கே கோப்பின் அளவு 128 பைட் கட்டுகளாகத்தான் கணக்கில் இருக்கும்; எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. இன்று அந்தத் தேவை இல்லை, பழக்கம் மட்டும் மிச்சம். படத்திலோ ஒலியிலோ 26 என்ற பைட் சர்வசாதாரணமாக வரும், அந்த இடத்தோடு கோப்பு அறுந்துபோகும். எழுத்துக் கோப்பாக இருந்தாலும் இணைத்த கோப்பின் கடைசியில் அதே குறியை ஒட்டிவைக்கும். முடிவில் புதுப் பெயர் கொடுக்க மறந்தால், சேர்த்தது எல்லாம் முதல் கோப்பின் மேலேயே எழுதப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பென் டிரைவில் நேரடியாக நட்சத்திரக் குறி போட்டுச் சேர்ப்பதும் ஆபத்து. பென் டிரைவ்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவில் பெயர் வரிசை கிடையாது. கோப்புகள் எந்த வரிசையில் பதிவாகியிருக்கின்றனவோ அந்த வரிசையில்தான் வரும்.

விண்டோஸின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லில் கேட் என்று அடித்தாலும் ஏதோ ஓடும். அது இந்தக் கேட் அல்ல, கெட்-கன்டென்ட் கட்டளையின் புனைபெயர். பைட்டுகளை அப்படியே தள்ளாமல், எழுத்தாகப் படித்து மறுபடி எழுதும். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில், பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 கோப்பை அது பழைய குறியாக்கமாக எடுத்துக்கொண்டு, > குறி வழியே யுடிஎஃப்-16-ஆக எழுதிவைக்கும். தமிழ்க் கோப்புகளுக்கு இதைவிடக் கெட்ட இடம் வேறில்லை, மொத்தமும் கிறுக்கலாகிவிடும். புதிய பவர்ஷெல்லில் யுடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது. இருந்தாலும் இணைக்கும் வேலைக்கு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பெரிய கோப்பைத் துண்டாக்கி அனுப்பி மறுமுனையில் சேர்ப்பதற்குக் கேட் மாதிரி எதுவும் இல்லை. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஸ்பிளிட் கட்டளையால் வெட்டி, எடுத்துப் போய், கேட் போட்டு ஒட்டினால் பைட் பிசகாமல் அதே கோப்பு. அது வைக்கும் பெயர்களும் எழுத்து வரிசையில் இருப்பதால் நட்சத்திரக் குறியே போதும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8-ல் மூன்று பைட் என்பதால் வெட்டு ஒரு எழுத்தின் நடுவிலேயே விழலாம். துண்டைத் திறந்து பார்த்தால் ஓரத்தில் குப்பை தெரியும். பதற வேண்டாம், சேர்த்ததும் சரியாகிவிடும். இரு முனையிலும் கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது.

தனித்தனியாக உருவான ஒலி, ஒளிக் கோப்புகளுக்கு இந்த நம்பிக்கை செல்லாது. எம்பி3 ஓரளவு தாங்கும், அது சிறுசிறு சட்டங்களின் தொடர் என்பதால் பாடிவிடும். பிளேயர் காட்டும் நேரம் மட்டும் தப்பாக இருக்கலாம். 188 பைட் பாக்கெட்டுகளால் ஆன டிஎஸ் வீடியோக்களும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். எம்பி4 கூடாது. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் தனியாக இருக்கிறது. சேர்த்தாலும் முதல் வீடியோ மட்டுமே ஓடும். அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கருவியில் கோப்புப் பட்டியல் கொடுத்து இணைப்பதுதான் வழி. பிடிஎஃப்பும் இப்படித்தான், பிடிஎஃப்யுனைட் அல்லது க்யூபிடிஎஃப் போன்ற தனிக் கருவி வேண்டும். ஆனால் ஜிஜிப்பால் சுருக்கிய கோப்புகளை விரிக்காமலே கேட் போட்டு ஒட்டலாம்; விரிக்கும்போது எல்லாம் வரிசையாக வரும். தினசரி லாக் கோப்புகளை மாதத்துக்கு ஒன்றாக்க நான் செய்வது இதுதான்.

எந்த இணைப்பையும் முடித்த கையோடு டபிள்யூசி (wc) கட்டளையில் மைனஸ் சி கொடுத்து மூலக் கோப்புகளிலும் முழுக் கோப்பிலும் உள்ள பைட்டுகளை எண்ணிவிடுகிறேன். கேட் சேர்த்திருந்தால் பைட் கூட்டுத்தொகை துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஆக் 1 சேர்த்திருந்தால், கடைசி வரிமுறிவு இல்லாமல் எத்தனை கோப்புகள் வந்தனவோ அத்தனை பைட் கூடுதலாக இருக்கும். அந்த எண்ணை, கோப்புகளை அனுப்பியவருக்கு மறக்காமல் சொல்லிவிடுவேன். அடுத்த முறை கொஞ்சம் குறையும்.